வாசகர் கேள்வி–பதில்: நோயில் இறந்த போலீஸ்காரர், ‘வேலையால்தான் வந்தது’ என்று எப்படிக் காட்டுவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்கள் இந்த முறை ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன. சுடப்பட்டோ விபத்திலோ இறந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. காய்ச்சலிலோ மாரடைப்பிலோ போய்விட்டால், ‘அது சொந்த நோய்’ என்ற ஒரே வரியோடு பலருடைய கோப்பு மூடப்பட்டுவிடுகிறது. அந்த வரியை எப்போது ஏற்கலாம், எப்போது எதிர்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கே: என் கணவர் போலீஸ் கார்ப்பரல். ஆற்றில் மூழ்கியவரைத் தேட இரண்டு நாள் போனார். திரும்பி ஒன்பதாம் நாள் காய்ச்சல் கண்டது. ஆறு நாளில் ஐ.சி.யு.வில் இறந்துவிட்டார். மரணச் சான்றிதழில் ‘செப்டிக் ஷாக்’ என்று இருக்கிறது. எலிச் சிறுநீர் காய்ச்சலாக இருக்கலாம் என்று டாக்டர் வாய்வார்த்தையாகச் சொன்னார். ‘நோயால் இறந்ததால் சாதாரண பென்சன் மட்டும்தான்’ என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். வேறு எதுவும் கேட்க முடியுமா?
— வாசகி, சுங்கை சிப்புட்

முடியும் அம்மா. முதலில் எந்தக் கதவைத் தட்டுவது என்பதில் தெளிவாக இருங்கள். பென்சன் தகுதியுள்ள நிரந்தர போலீஸ்காரர் சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் கீழ் வரமாட்டார். அவருடைய சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்தம் இருக்காது. அவருக்கு 1980ஆம் ஆண்டு பென்சன் சட்டம்தான் பொருந்தும். பணியில் இருக்கும்போது எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு வருவது ‘பென்சென் தெர்பித்தான்’. அலுவலகம் சொல்வது இதைத்தான். கடமையைச் செய்யும்போது ஏற்பட்ட காயத்தாலோ, கடமையின் தன்மையால் ஆளாக நேர்ந்த நோயாலோ இறந்தால், அதற்கு மேல் கூடுதலாக ‘பென்சென் தங்குங்கான்’ உண்டு. நோய் என்பது அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே ‘நோய் என்றாலே சாதாரண பென்சன்’ என்பது தவறு. இதோடு அரசு ஊழியர்களுக்கான ‘எக்ஸ்-கிராஷியா பென்சானா கெர்ஜா’ (பணி விபத்துக் கருணைத்தொகை) திட்டமும் பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள். கோரிக்கை அவருடைய துறை வழியாகப் பொதுச் சேவைத் துறையின் ஓய்வுப் பிரிவுக்குப் போகும். அங்கே ஒப்புதல் ஆனபின் பணத்தைக் கொடுப்பது குவாப் எனும் அரசு ஓய்வூதிய நிதி நிறுவனம்.

அடுத்தது நிரூபணம். மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்: என்ன நோய், அந்தக் கிருமி எங்கே பட்டது, நாள் கணக்கு சரியாக வருகிறதா. உங்கள் கோப்பில் இப்போது மூன்றுமே இல்லை. மூன்றையும் தேடி எடுக்கலாம்.

நோயிலிருந்து தொடங்குவோம். ‘செப்டிக் ஷாக்’ என்பது கடைசியில் உடம்பு கண்ட நிலை. அதற்கு மூலம் என்ன என்று அந்த வார்த்தை சொல்வதில்லை. மருத்துவர் நிரப்பும் மரண காரணச் சான்றில் முதல் பகுதி வரிவரியாக இருக்கும். மேல் வரியில் உடனடிக் காரணம், கீழ் வரியில் அதைக் கிளப்பிவிட்ட மூல நோய். மேலே ‘செப்டிக் ஷாக்’, நடுவில் ‘பல உறுப்புச் செயலிழப்பு’, அடியில் ‘லெப்தோஸ்பைரோசிஸ்’ (எலிச் சிறுநீர் காய்ச்சல்) என்று இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. அடி வரி காலியாக இருந்தால், மரணச் சான்றிதழ் எடுக்கும்போது மேல் வரிதான் போய்ச் சேரும். மருத்துவமனைப் பதிவுப் பிரிவில் விண்ணப்பித்து முழு மருத்துவ அறிக்கையும் ஆய்வுக்கூட முடிவுகளும் வாங்குங்கள். மரணச் சான்றிதழ், உங்கள் அடையாள கார்டு, திருமணச் சான்றிதழ் மூன்றையும் கொண்டுபோங்கள். கட்டணம் உண்டு.

ஆய்வு முடிவில் எதைப் பார்ப்பது? விரைவு இரத்தச் சோதனையில் ‘ஐ.ஜி.எம். பொசிட்டிவ்’ என்று இருந்தால் அது சந்தேகத்துக்கு ஆதாரம், முடிவு அல்ல. உறுதி செய்வது, இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவைப் பார்க்கும் ‘மாட்’ எனும் சோதனை. சுகாதார அமைச்சின் வழிகாட்டியில் ஒரே இரத்த மாதிரியில் 1:400 அல்லது அதற்கு மேல் வந்தால், அல்லது இரண்டு மாதிரிகளுக்கு இடையில் அளவு நான்கு மடங்கு ஏறினால் நோய் உறுதி. உங்கள் கணவர் காய்ச்சல் தொடங்கி ஆறாம் நாளில் இறந்துவிட்டார். உடம்பில் எதிர்ப்புப் பொருள் உருவாக முதல் வாரம் போதாமல் போகலாம். அதனால் ‘மாட்’ நெகட்டிவ் என்று வந்திருந்தால் மனம் தளர வேண்டாம். அந்த முதல் வாரத்தில் கிருமியை நேரடியாகக் காட்டுவது பி.சி.ஆர். அது செய்யப்பட்டதா, எடுத்த இரத்தம் இன்னும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறதா என்று உடனே எழுதிக் கேளுங்கள். மாதிரிகளைக் காலவரையின்றி வைத்திருக்கமாட்டார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவையும் சேர்த்துக் கேளுங்கள். 2010இல் பகாங் லூபோக் யூவில் மூழ்கியவரைத் தேடிய பணிக்குப் பிறகு 8 பேர் இறந்தார்கள். அங்கே எலிச் சிறுநீர் காய்ச்சலோடு மெலியோய்டோசிஸ் என்ற இன்னொரு நோயை உண்டாக்கும், மண்ணிலும் நீரிலும் இருக்கும் கிருமியும் சேர்ந்திருந்தது. அதைக் காட்டுவது கல்ச்சர்தான்.

இரண்டாவது, கிருமி பட்ட இடம். இதில் பலருக்குத் தெரியாத ஒரு காகிதம் இருக்கிறது. 2010 டிசம்பர் 9 முதல் எலிச் சிறுநீர் காய்ச்சலைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும். மருத்துவமனை அறிவித்தால் மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து, நோயாளி என்ன வேலை செய்தார், எந்தத் தண்ணீரில் இறங்கினார், வீட்டில் எலித் தொல்லை உண்டா என்று விசாரித்து அறிக்கை எழுதுவார்கள். அந்த அறிக்கையில் ‘தொற்று ஏற்பட்டிருக்கக்கூடிய இடம்’ என்ற பகுதியில் தேடுதல் நடந்த ஆறு எழுதப்பட்டிருந்தால், உங்கள் கையில் அதைவிடப் பலமான தாள் இல்லை. வழக்குக்காக யாரும் அதை எழுதவில்லை. நோய் பரவாமல் தடுக்க எழுதினார்கள். அதனால்தான் அதற்கு மதிப்பு. கடிதம் கொடுத்து நகல் கேளுங்கள். தர மறுத்தால், கணவரின் துறையே அதிகாரப்பூர்வமாகக் கேட்கும்படி மாவட்டப் போலீஸ் தலைவருக்கு எழுதுங்கள்.

போலீஸ் பக்கம் கேட்க வேண்டியவை: நிலையத்தின் நாட்குறிப்பில் அந்த இரண்டு நாள் பதிவு, பணி ஒதுக்கீட்டு ஆணை, அவருடைய பாக்கெட் புத்தகம், பயணப்படி கோரிக்கை. ‘இன்ன மணிக்குப் புறப்பட்டார்’ என்று மட்டும் இருந்தால் போதாது. தண்ணீரில் இறங்கினாரா, படகிலிருந்தாரா, கரையில் கயிறு பிடித்தாரா என்பதுதான் கேள்வி. நாட்குறிப்பில் அது இல்லாவிட்டால் கூட இருந்த சக ஊழியர் ஒருவர் சத்தியப் பிரமாணம் எழுதித் தரலாம். ‘இடுப்பளவு தண்ணீரில் சுமார் மூன்று மணி நேரம் நின்றோம், அவர் காலில் சிராய்ப்பு இருந்தது’ என்று கண்ணால் கண்டதை மட்டும் எழுதட்டும். ‘மிக நல்லவர், கடமை தவறாதவர்’ என்பதெல்லாம் இரங்கல் கூட்டத்துக்கு. தேடுதலில் தீயணைப்புப் படையும் பொதுத் தற்காப்புப் படையும் இருந்திருந்தால் அவர்களிடமும் பதிவு இருக்கும். அதே அணியில் வேறு யாருக்காவது காய்ச்சல் வந்து சோதனை செய்திருந்தால் அந்த விவரம் இன்னும் முக்கியம். வாட்ஸ்அப் குழுவில் வந்த படங்களை அழித்துவிடாதீர்கள்; மறுபடி அனுப்பியதை அல்ல, தேதியும் நேரமும் உள்ள மூலப் படத்தை எடுத்து வையுங்கள்.

மூன்றாவது நாள் கணக்கு. கிருமி உடம்பில் புகுந்து காய்ச்சல் வர 2 முதல் 30 நாள் வரை ஆகலாம். பெரும்பாலும் 5 முதல் 14 நாள். உங்களுக்கு ஒன்பதாம் நாள், நடு மையத்தில் விழுகிறது. ஆனால் மருத்துவ அறிக்கையில் காய்ச்சல் தொடங்கிய நாள் தப்பாக இருந்தால் இந்தக் கணக்கே உடையும். வார்டில் சேர்த்த நாளையே நோய் தொடங்கிய நாளாக எழுதிவிடுவது உண்டு. முதலில் போன கிளினிக்கின் எம்.சி. சீட்டும் ரசீதும் இருந்தால் அதை வைத்துத் திருத்தச் சொல்லுங்கள்.

எல்லாம் கைக்கு வந்தபின் சிகிச்சை தந்த நிபுணருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ‘இவர் வேலையால் இறந்தாரா?’ என்று கேட்காதீர்கள். அவருக்கு வேலையைப் பற்றித் தெரியாது, ‘இருக்கலாம்’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார். விவரத்தைக் கொடுத்துக் கேளுங்கள்: ‘இன்ன தேதிகளில் ஆற்று நீரில் இவ்வளவு நேரம் நின்றார், நாட்குறிப்பு நகல் இணைப்பு. காய்ச்சல் இன்ன தேதி. அந்த ஒரு மாதத்தில் வேறு ஆறு, குளம், வெள்ளத்தில் இறங்கவில்லை. இந்த நீரில்தான் தொற்று ஏற்பட்டிருக்க வாய்ப்பு அதிகமா, வேறு காரணத்துக்கு வாய்ப்பு அதிகமா? அந்தத் தொற்றுதான் மரணத்தின் மூலக் காரணமா?’ சந்தேகமே இல்லாத அளவுக்கு நிரூபிக்கத் தேவையில்லை. ஒரு பக்கம் வாய்ப்பு மற்றதைவிடக் கூடியிருந்தால் போதும்.

எதிர்த்தரப்பு எதைக் கேட்கும் என்று யோசித்து வையுங்கள். வார இறுதியில் மீன் பிடிக்கப் போவாரா? குவார்ட்டர்ஸ் பின்புறம் சாக்கடையா? உண்டு என்றால் மறைக்க வேண்டாம். எப்போது, எத்தனை நேரம் என்று எழுதிவிடுங்கள். சுகாதார அலுவலக அறிக்கையில் அது எப்படியும் வந்திருக்கும். நீங்கள் மறைத்தது தெரிந்தால் மற்றதையும் நம்பமாட்டார்கள். இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்ததால் கோரிக்கை போய்விடும் என்றும் பயப்பட வேண்டாம். இனிப்பு நீர் நோயை மோசமாக்கலாம். கிருமியைக் கொண்டுவந்து விடாது.

கே: அப்பா தோட்ட நிறுவனத்தில் போலீஸ் பந்துவானாக (துணைப் போலீஸாக) இருந்தார். வயது 52. இரவு ஷிஃப்டில் காவல் கூண்டிலேயே மாரடைப்பு. சொக்சோ கிடைக்குமா? ஒரு காணொளியில் பார்த்தேன், அமெரிக்காவில் போலீஸுக்கு மாரடைப்பு வந்தால் வேலையால் என்றே எடுத்துக்கொள்வார்களாமே?
— வாசகர், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம்

அமெரிக்காவின் சில மாநிலங்களில் அப்படிச் சட்டம் இருப்பது உண்மைதான். இங்கே இல்லை, அந்தக் காணொளியை மூடிவிடுங்கள்.

துணைப் போலீஸ்காரர் 1967ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 47ஆம் பிரிவில் நியமிக்கப்படுபவர். சம்பளம் தருவது நிறுவனம். ஆகவே அவர் சொக்சோ தொழிலாளி, 1969ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே இரண்டு தனிக் கதவுகள். வேலையால் வந்த காயமோ தொழில் நோயோ என்றால் ‘ஃபாயேடா ஓராங் தங்குங்கான்’, அதாவது சார்ந்திருப்போருக்கான உதவித்தொகை. நாள் சம்பளத்தில் 90 விழுக்காடு, குறைந்தது நாளுக்கு 30 ரிங்கிட். மாதம் 3,000 ரிங்கிட் சம்பளக்காரர் என்றால் தோராயமாக 2,700. அதில் மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு 1,620, பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு 1,080. இன்னொரு கதவு ‘பென்சென் பெனாக்காட்’, அதாவது இறந்தவரின் குடும்பத்துக்கான பென்சன். 60 வயதுக்குள் எந்தக் காரணத்தால் இறந்தாலும், சந்தா நிபந்தனை நிறைவாகியிருந்தால் கிடைக்கும். முழுத் தகுதிக்குக் கடைசி 40 மாதத்தில் 24 மாதச் சந்தா வேண்டும். தொகை முதல் கதவைவிடக் குறையலாம்.

மாரடைப்பு வேலையிடத்தில் வந்தது என்பது மட்டும் முதல் கதவைத் திறக்காது. அதே மாரடைப்பு வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் வந்திருக்கும் என்று சொல்லிவிடுவார்கள். சம்பவத்துக்கு முந்தைய 24 மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. செம்பனைக் குலை திருடனைத் துரத்தினாரா? லாரிக்காரரோடு கைகலப்பு ஆனதா? தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் பார்த்தாரா? ஷிஃப்ட் அட்டவணை, காவல் கூண்டின் நிகழ்ச்சிப் புத்தகம், சிசிடிவி ஆகியவற்றைக் கேளுங்கள். சிசிடிவி பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறிவிடும், அதை முதலில் கேளுங்கள். நெஞ்சுவலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, துரத்தல் எத்தனை மணிக்கு என்று இரண்டு நேரமும் அருகருகே நிற்க வேண்டும். எதுவுமே நடக்காத சாதாரண இரவு என்றால் முதல் கதவில் நம்பிக்கை வைக்காதீர்கள். இரண்டு வழியையும் ஒரே நேரத்தில் ஆராயச் சொல்லிக் கோரிக்கை கொடுங்கள். முதலாவது நிராகரிக்கப்படும்வரை காத்திருந்து இரண்டாவதைத் தொடங்கினால் அத்தனை மாதமும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

கே: என் அண்ணன் வீட்டிலேயே இறந்தார். போலீஸில் அடக்கப் பெர்மிட் எடுத்தோம். காரணம் ‘காய்ச்சல்’ என்று போட்டிருக்கிறது. மறுநாளே தகனம் செய்துவிட்டோம். இனி ஒன்றும் முடியாதா?

கடினம்தான். மறைக்க விரும்பவில்லை. மருத்துவர் சான்று இல்லாத மரணத்தில், வீட்டார் சொன்னதைக் கேட்டு எழுதிய காரணம் அது. மருத்துவக் கருத்தாக யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். தகனம் ஆகிவிட்டதால் உடற்கூறு பரிசோதனைக்கும் வழியில்லை. ஆனால் இறப்பதற்கு முன் கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்களா? தனியார் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தால் முடிவு கணினியில் இருக்கும். டெங்கி சோதனை என்று எடுத்ததாக இருந்தாலும் இரத்த அணுக்கள், சிறுநீரகம், கல்லீரல் எண்கள் ஒரு நிபுணருக்கு நிறையச் சொல்லும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. வேலையோடு தொடர்பு இருக்குமோ என்ற சந்தேகம் சிறிதாவது இருந்தால், பெர்மிட் வாங்கும் முன் அந்த அதிகாரியிடம் அதைச் சொல்லி உடற்கூறு பரிசோதனை கேளுங்கள். ‘உடம்பை அறுக்க வேண்டாம்’ என்று உறவினர் சொல்வது புரிகிறது. அந்த ஒரு நாள் முடிவை ஐந்து வருடம் கழித்து அவர்கள் வந்து தாங்கப் போவதில்லை.

கே: கணவர் துணைப் போலீஸ். தடுத்துவைக்கப்பட்டவர்கள் நெருக்கமாக இருந்த இடத்தில் காவல் பார்த்தார். வேலையை விட்டு இரண்டு வருடம் கழித்து காசநோய், பிறகு மரணம். ‘வேலையை விட்டுவிட்டாரே’ என்கிறார்கள்.

விட்டது தடையல்ல. சொக்சோ சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் உள்ள தொழில் நோய், அந்த வேலையை விட்ட 60 மாதத்துக்குள் வந்தால், மாறாக நிரூபிக்கப்படாதவரை வேலையால் வந்ததாகவே கொள்ளப்படும். இந்தச் சாதகமான அனுமானம் அட்டவணை நோய்க்குத்தான் உண்டு. ஆகவே கோரிக்கைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே ‘28ஆம் பிரிவு, ஐந்தாம் அட்டவணை’ என்று குறிப்பிடுங்கள்.

காசநோய் நாட்டில் பரவலாக இருப்பதால் ‘எங்கேயும் தொற்றியிருக்கலாம்’ என்பார்கள். வேலைக்குச் சேரும்போது எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்ததைக் காட்டுங்கள். அவர் காவல் பார்த்த காலத்தில் அங்கே காசநோயாளி இருந்தாரா என்பது சுகாதார அலுவலகத்துக்குத் தெரியும், அதுவும் அறிவிக்க வேண்டிய நோய்தான். உங்கள் வீட்டாருக்கு அப்போது தொடர்புப் பரிசோதனை செய்திருப்பார்கள். வீட்டில் யாருக்கும் முன்னதாக இல்லை என்பது அங்கே பதிவாகியிருக்கும், அந்தத் தாளையும் வாங்குங்கள். புதிதாகத் தொற்றியவருக்கு நோயாக வெளிப்படும் ஆபத்து முதல் இரண்டு வருடத்தில்தான் அதிகம். உங்கள் கணக்கு அதன் விளிம்பில் வருகிறது. நிறுவனத்தின் மீதும் தனியாக வழக்குப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். சொக்சோ சட்டத்தின் 31ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது.

கே: கோயிலில் தாலி கட்டிய கல்யாணம். பதிவு செய்யவில்லை. எனக்கு உரிமை உண்டா?

1982 மார்ச் 1க்கு முன் வழக்கப்படி நடந்த திருமணத்துக்குச் சிக்கல் குறைவு. அதற்குப் பிறகு என்றால் மனைவியின் பங்கு சிக்கலில் மாட்டும், வழக்கறிஞரைப் பாருங்கள். பிள்ளைகளின் பங்கு வேறு. பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் இருந்தால் அவர்கள் பெயரில் கோரிக்கையை இன்றே தொடங்குங்கள்.

கே: நிராகரித்துக் கடிதம் வந்துவிட்டது. ஒருவர் ‘எனக்கு ஆள் தெரியும்’ என்று 20 விழுக்காடு கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். சொக்சோவில் கோரிக்கை கொடுக்கக் கட்டணமே கிடையாது, ஈப்போ அலுவலகத்தில் நீங்களே கொடுக்கலாம். நிராகரிப்பு மருத்துவக் குழுவின் முடிவு என்றால், மேல்முறையீட்டு மருத்துவக் குழுவுக்கு 90 நாளுக்குள் போக வேண்டும். சட்டக் காரணம் என்றால் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியம். அரசு பென்சன் முடிவென்றால் புதிய ஆதாரத்தோடு மறுபரிசீலனை கேட்கலாம். நீதிமன்றத்தில் சீராய்வு என்றால் முடிவு வந்த 3 மாதத்துக்குள், மறுபரிசீலனைக் கடிதம் போய்க்கொண்டிருக்கிறது என்று காத்திருந்தால் அது கடந்துவிடும். நிராகரிப்புக் கடிதத்தில் எந்தக் காரணம் சொல்லியிருக்கிறார்களோ அதற்கு மட்டும் பதில் ஆதாரம் தேடுங்கள். ‘நோய்க்கும் பணிக்கும் தொடர்பு காட்டப்படவில்லை’ என்றால் நிபுணர் கடிதம், ‘பணியில் இருந்ததற்கு ஆதாரமில்லை’ என்றால் நாட்குறிப்பு. பழைய கோப்பையே மறுபடி அனுப்பினால் பழைய பதிலே வரும். பணம் இல்லை என்றால் ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது. கடிதத்தோடு அது வந்த உறையையும் கொண்டுபோங்கள். நாள் எண்ணும்போது தபால் முத்திரை தேவைப்படும்.